அட்டைப் பெட்டியும் அன்பளிப்பும்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போதெல்லாம் கடைத்தெருவில் வண்ணப் பெட்டிகள் மலைபோல் குவிந்துவிடுகின்றன. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பெட்டிகள்! அவற்றைச் சுற்ற மினுமினுக்கும் தாள், அதன்மேல் கட்ட நாடா, நாடாவின்மேல் ஒட்டப் பூ. சென்ற வாரம் நம்மைக் காண வந்த தாய் ஒருத்தி, தம் ஞானமகளுக்கு வாங்கிய பரிசையும் அதற்கு வாங்கிய பெட்டியையும் காட்டி, "சாமி, உள்ளே இருக்கிறதுக்கு ஆன செலவிலே பாதி மேலே இருக்கிறதுக்கு ஆயிட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாரேயன்றி, அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

ஆகவே இத்திங்கள் நாம் பெட்டியைப் பற்றியே எழுதப் புகுந்தோம். வீட்டிலே வீணாகக் கிடக்கும் பழைய அட்டையைக் கொண்டு அன்பளிப்புப் பெட்டி செய்வது எப்படி என்பதே பொருள். பங்குச் சாமியாருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இதனை நாம் நூலில் படித்துக் கற்றோமில்லை. நாம் செய்த ஒரு பிழையிலிருந்து கற்றோம். அப்பிழையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

திருப்பிப் போட்ட பை

2022ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் நம் பங்கின் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் ஆடையும் வழங்க ஏற்பாடு செய்தோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியிருந்தது. நாமும் காலத்திற்கேற்ப நடப்பதாக எண்ணி மஞ்சள் துணிப்பைகள் தைக்கச் செய்தோம். அத்துடன் நின்றிருக்கலாம். பங்கின் பெயரையும், 'அன்பளிப்பு' என்னும் சொல்லையும் பெரிய எழுத்தில் அதன்மேல் அச்சிடச் செய்தோம். கோயில் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவராகக் கொடுத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். அன்றிரவு நிறைவோடு உறங்கினோம் என்பதை மறைப்பானேன்?

விழா முடிந்து பள்ளி திறந்த பின், ஒரு நாள் காலை எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் எதிரே வந்தான். தாயுடன் வரிசையில் நின்றவன் அவன். தோளில் அதே துணிப்பை. ஆனால் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பப்பட்டிருந்தது. "என்ன தம்பி, பையைத் திருப்பிப் போட்டிருக்கிறாயே?" என்று நாம் விளையாட்டாகக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் இந்தப் பையைத் தெரியும் சாமி" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

நாம் அங்கேயே நின்றுவிட்டோம். அரிசி அவன் பசியைத் தீர்த்தது. பை அவன் வறுமையை ஊரறியச் செய்தது. கொடுத்த கையால் நாம் எதைப் பறித்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வெள்ளம் வந்தது

மறு ஆண்டு வந்ததை நீங்கள் அறிவீர்கள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்த பெருமழையை இத்தலைமுறை மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. தாழ்ந்த பகுதியில் இருக்கும் நம் பங்கில் குடிசையும் மாடியும் வேற்றுமையின்றி நீரில் நின்றன. வெளியூர்களிலிருந்து உதவிப் பொருள்கள் வந்தபோது, முந்திய ஆண்டு பை வழங்க நம் பக்கத்தில் நின்ற செல்வரும், பையைப் பெற்றுக்கொண்டவரும் ஒரே வரிசையில் பால் பொட்டலத்திற்காக நின்றார்கள். வரிசையில் நின்றவர்களின் கண்கள் தரையைப் பார்த்ததை நாம் கண்டோம். வாங்கி நிற்பது எத்தகையது என்பதை அன்று ஊரே உணர்ந்தது.

வெள்ளம் வடிந்தது. பொருள்கள் பங்கிடப்பட்டன. அவை வந்த அட்டைப் பெட்டிகள் மட்டும் நம் இல்லத்தின் தாழ்வாரத்தில் கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்துகிடந்தன. எரித்துவிடச் சொன்னோம். ஆள் தீப்பெட்டியும் கையுமாக வந்தபோது, கோயில் பெருக்கும் மூதாட்டி ஓடிவந்து தடுத்தார்.

"சாமி, நல்ல அட்டையை எரிக்கிறீகளே! என்கிட்டக் கொடுங்க. பெட்டி பண்ணலாம்."

"உங்களுக்குப் பெட்டி செய்யத் தெரியுமா, பாட்டியம்மா?"

"பெட்டி செய்யத்தானே சாமி பிறந்தேன்" என்றார் அவர்.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். ஏழு வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தாராம். மெல்லிய மரச்சீவலில் தாளைச் சுற்றி ஒட்டுகின்ற காலம் அது. குச்சியை வைக்கும் அடிப்பெட்டி ஒன்று, அதனை மூடும் மேல்பெட்டி ஒன்று. 144 பெட்டி ஒரு குரோஸ். எத்தனை குரோஸ் என்பதுதான் அன்றைய கணக்கே தவிர, எத்தனை மணி என்பது கணக்கன்று. தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை அமர்த்துவதற்குத் தடை விதித்த சட்டம் ஒன்று 1986இல் வந்தது. சிவகாசிச் சிறுவர்களைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையான தீர்ப்பு வழங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே இந்த மூதாட்டியின் குழந்தைப் பருவம் அடிப்பெட்டியிலும் மேல்பெட்டியிலும் அடைபட்டுப் போயிற்று. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே அட்டையை மடிப்பார். மூலை பிசகாது.

அந்த அட்டைகளை நாம் எரிக்கவில்லை. பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி, ஈரம் ஏறாதவாறு பலகையின்மேல் அடுக்கி, இடையிடையே உலர்ந்த வேப்பிலையைத் தூவி வைத்தோம். இராமபாணப் பூச்சியும் கறையானும் அட்டைக்குப் பகையன்றோ?

அட்டையின் கதை

செய்முறைக்குப் போகுமுன், கையில் எடுக்கும் பொருளைச் சற்று அறிந்துகொள்வோம். சரக்குகள் வரும் பெட்டியின் விளிம்பை உற்று நோக்குங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை அலையாக நெளிந்த தாள் ஒன்று இருக்கும். இதுவே நெளி அட்டை. இம்மூன்றும் சேர்ந்ததை வணிகர் 'மூன்று பிளை' என்பர். கனமான சரக்குக்கு ஐந்து பிளை, ஏழு பிளை உண்டு.

இந்த நெளிந்த தாள் முதன்முதலில் தொப்பிக்காகவே தோன்றியது. 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்னும் இருவர் உயரமான தொப்பிகளின் உட்பட்டைக்கென்று இதற்கு உரிமம் பெற்றனர். 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் உடையாமல் சுற்றியனுப்ப இதனைப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் நெளிந்த தாளோடு தட்டைத் தாளைச் சேர்த்து ஒட்டி உறுதியாக்கினார்.

மடித்துச் செய்யும் அட்டைப் பெட்டிக்கோ வேறொரு கதை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் கேர் என்பவர் தாள் பைகள் செய்துவந்தார். 1879இல் விதைப் பைகளை அச்சிடுகையில், மடிப்புக் கோடு பதிக்கவேண்டிய உலோகப் பட்டை ஒன்று இடம் பிசகிப் பைகளை வெட்டிவிட்டது. சரக்கு பாழ். ஆனால் அவர் அதிலே ஒன்றைக் கண்டார். ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிப்புக் கோடு பதிக்கவும் இயலுமானால், பெட்டிகளைத் தட்டையாகவே ஆயிரக்கணக்கில் செய்துவிடலாமே என்று எண்ணினார். இன்று உலகெங்கும் வழங்கும் மடிப்புப் பெட்டி இவ்வாறு ஒரு பிழையிலிருந்தே பிறந்தது. நம் பிழையை எண்ணி வருந்திக்கொண்டிருந்த நமக்கு இக்கதை ஆறுதலாக இருந்தது.

செய்யும் முறை

நம் வீடுகளில் இருவகை அட்டை கிடைக்கும். ஒன்று மேலே சொன்ன நெளி அட்டை. மற்றொன்று பற்பசை, சோப்பு, இனிப்பு ஆகியவை வரும் மெல்லிய அட்டை. உட்புறம் சாம்பல் நிறமாகவும் வெளிப்புறம் வெண்மையாகவும் இருக்கும் இதனை டூப்ளெக்ஸ் அட்டை என்பர்.

எளிய பெட்டி முதலில். பற்பசை அல்லது பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டிய விளிம்பு ஒன்று இருக்கும். கத்தி முனையை மெல்ல நுழைத்து, கிழியாமல் பிரித்துத் தட்டையாக விரியுங்கள். பின்னர் ஒவ்வொரு மடிப்பையும் மறுபுறமாக மடித்து, அதே விளிம்பில் மீண்டும் ஒட்டுங்கள். கம்பெனியின் பெயரும் படமும் உள்ளே போய்விடும். மாசற்ற சாம்பல் நிறம் வெளியே வரும். பேனா, சங்கிலி, செபமாலை போன்ற சிறு பொருள்களுக்கு இதுவே போதும். பாட்டியம்மா பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

அடுத்தது மூடியுள்ள சதுரப் பெட்டி. 12 சென்டிமீட்டர் சதுரமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி வேண்டுமெனில், அடிப்பாக அளவோடு உயரத்தை இருமுறை கூட்டுங்கள். 12, 6, 6 ஆகியவை சேர்ந்து 24. ஆகவே 24 சென்டிமீட்டர் சதுர அட்டை தேவை. நான்கு ஓரங்களிலிருந்தும் 6 சென்டிமீட்டர் உள்ளே கோடு இழுங்கள். நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்கள் அமையும். எதிரெதிரான இரண்டு கோடுகளில் மட்டும், அவற்றின் இரு முனைகளிலிருந்தும் 6 சென்டிமீட்டர் வெட்டுங்கள். மொத்தம் நான்கே வெட்டுகள். மூலைச் சதுரங்களை அகற்றிவிடாதீர்கள். சுவர்களை ஒட்டிப் பிடிப்பவை அவையே. சுவர்களை நிமிர்த்தி, அச்சதுரங்களை அடுத்த சுவரின் உட்புறம் ஒட்டிவிட்டால் பெட்டி ஆயிற்று.

மூடி சற்றே பெரிதாக இருக்கவேண்டும். மெல்லிய அட்டைக்கு 4 மில்லிமீட்டர் கூட்டினால் போதும். மூடியின் பரப்பு 12.4 சென்டிமீட்டர், உயரம் 3 சென்டிமீட்டர் என்று கொண்டால், 18.4 சென்டிமீட்டர் சதுர அட்டை வேண்டும். செய்முறை ஒன்றே.

சட்டையோ சேலையோ வைக்கும் பெரிய பெட்டிக்கு மூன்று பிளை நெளி அட்டை ஏற்றது. அடிப்பாகம் 30க்கு 22, உயரம் 6 எனில், 42க்கு 34 சென்டிமீட்டர் அட்டையை வெட்டுங்கள். நெளி அட்டைக்குக் கனம் உண்டாதலின், மூடிக்கு நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கூட்டவேண்டும். 31க்கு 23 பரப்பும் 3 உயரமும் உடைய மூடிக்கு 37க்கு 29 அட்டை தேவைப்படும்.

மடிப்பிலேதான் பெட்டியின் அழகு இருக்கின்றது. கோட்டை முதலில் அழுத்திப் பதியாமல் மடித்தால் அட்டை கோணலாக உடையும். மெல்லிய அட்டைக்கு மை தீர்ந்த பேனாவும் அளவுகோலும் போதும். நெளி அட்டைக்குக் கரண்டிக் காம்பால் நன்கு அழுத்தி, அழுத்திய பள்ளம் பெட்டியின் உட்புறம் வருமாறு மடியுங்கள். எந்த அட்டையும் ஒரு பக்கமாக எளிதில் வளையும், குறுக்கே முரண்டும். அதன் இழைகள் ஓடும் திசையே அதற்குக் காரணம். நீண்ட மடிப்பு இழையின் வழியே அமையுமாறு வெட்டிக்கொள்வது அறிவுடைமை.

பசைக்குக் கடைக்குப் போகவேண்டுவதில்லை. இரண்டு மேசைக்கரண்டி மைதாவைச் சிறிது தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் சேர்த்து, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிப் பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். தீப்பெட்டித் தொழிலில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதனைச் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்கே காய்ச்சிக்கொள்ளலாம். ஒட்டிய மூலைகளைத் துணிக் கிளிப்பால் கவ்வி வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

மேலே ஒட்டுவதற்குப் பழைய நாட்காட்டித் தாள், சென்ற ஆண்டு வந்த வாழ்த்து மடல், கிழிந்த சேலையின் கரை ஆகிய யாவும் உதவும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஈரப் பசையோடு ஒட்டிய தாள் உலரும்போது சுருங்கும். அட்டையையும் இழுத்து வளைக்கும். வெளிப்புறம் தாள் ஒட்டினால் உட்புறமும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். இரு பக்க இழுப்பும் சமமாகிப் பெட்டி நேராக நிற்கும். குடும்பத்திலும் இழுப்பு ஒரு பக்கமாகவே இருந்தால் கோணல்தான் என்பதை நாம் சொல்லவேண்டுமா? மார்கழிக் குளிரில் உலர நேரமாகும். மெல்லியதாகப் பூசி, இரவு முழுதும் பாரத்தின்கீழ் வையுங்கள். கட்டுவதற்குச் சணல் கயிறோ வாழைநாரோ போதும்.

எச்சரிக்கை சில

பூச்சிமருந்து, உரம், பட்டாசு ஆகியவை வந்த பெட்டிகளை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். நனைந்து பூசணம் பிடித்த அட்டையையும் விலக்குங்கள்.

அதிரசம், முறுக்கு, கேக்கு முதலியன வைப்பதானால், பழைய அட்டையும் அச்சு மையும் உணவில் படலாகாது. செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன. தணலில் வாட்டிய வாழையிலையையோ புதிய பட்டர் பேப்பரையோ உள்ளே விரித்து, அதன்மேல் வையுங்கள்.

ஜிகினாத் தூளும் மினுக்குத் தாளும் வேண்டா. அவற்றில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்திருப்பதால், பெட்டி பழையதானபின் காகித ஆலைக்குப் பயன்படாமல் போகும். வெறும் தாளும் மாவுப் பசையும் கொண்ட பெட்டியோ மறுபடியும் கூழாகி அட்டையாகும். இழை ஒவ்வொரு முறையும் சற்றுக் குறுகுவதால் இது முடிவின்றி நடவாது. எனவே ஆலைக்கு அனுப்புமுன், அட்டை அட்டையாக இருக்கும்போதே நாம் அதனை இன்னொரு முறை பயன்படுத்திவிடுவது மேலும் நன்று.

கத்தியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும். அளப்பதும் மடிப்பதும் ஒட்டுவதும் பிள்ளைகள் செய்யட்டும்.

யார் கொடுத்தது, யார் வாங்கியது?

2024ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் சனிக்கிழமை மாலைதோறும் நம் பங்கு மண்டபத்தில் பாட்டியம்மா பாய்மேல் அமர்ந்தார். மறைக்கல்விப் பிள்ளைகள் சுற்றி அமர்ந்தனர். முதல் வாரம் இருபது பேர். இரண்டாம் வாரம் தாய்மாரும் வந்தனர். மூன்றாம் வாரம் தந்தையரும் வந்து, தமக்குத் தெரியாததுபோல் ஓரமாக நின்று, பின்னர் தாமும் உட்கார்ந்துவிட்டனர். அளவுகளைக் கணக்கிட்டு அட்டையில் குறித்துக்கொடுத்தவன் யார் தெரியுமா? பையைத் திருப்பிப் போட்ட அதே சிறுவன். அப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் சூரன். பாட்டியம்மா கண்ணால் அளந்ததை அவன் அளவுகோலால் சரிபார்ப்பான். "மில்லிமீட்டர் பிசகவில்லை பாட்டி" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும்.

ஒரு நாள் அவர் நம்மிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத கை சாமி இது. இந்தக் கை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்னு நான் கனாவாச்சும் கண்டேனா?"

ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டி செய்தது. ஏழை, செல்வர் என்னும் பிரிவினை அதில் இல்லை. அட்டை எல்லார்க்கும் ஒன்று, பசை ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்பத் தம் கையால் ஆன ஒன்றை உள்ளே வைத்தனர். முறுக்கு வைத்தவர் உண்டு. பின்னிய கைக்குட்டை வைத்தவர் உண்டு. விதை வைத்தவரும் உண்டு. பெயர் எழுதவில்லை. எண் மட்டுமே. விழாத் திருப்பலிக்குப் பின் சீட்டெடுத்து ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு சென்றனர்.

உதவி தேவைப்படும் குடும்பங்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் விழாவுக்கு முந்திய இரவுகளில் வீடு தேடிச் சென்றனர். புத்தாடையும், மளிகைக் கடையில் அரிசி பெற்றுக்கொள்வதற்கான சீட்டும் அதே அட்டைப் பெட்டியில், அதே சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஊரில் எல்லார் வீட்டிலும் அதே பெட்டி இருந்தபடியால், எந்தப் பெட்டி உதவி, எந்தப் பெட்டி பரிசு என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஒலிபெருக்கி இல்லை. புகைப்படமும் இல்லை.

நாம் கண்டுகொண்டது இதுதான். கொடுப்பதில் குறை இல்லை. கொடுக்கும் விதத்திலே குறை நேரலாம். பெறுகிறவர் தாழ நிற்கவும் கொடுக்கிறவர் உயர நிற்கவும் செய்வது ஈகையாகாது. அவரும் கொடுப்பதற்கு இடம் விடும்போதே நம் கொடை முழுமை பெறுகின்றது.

பழைய வழக்கம்

இது நமக்குப் புதிதன்று. நாம் சிறுவராயிருந்தபோது இந்தத் தென்கோடியில் அட்டைப் பெட்டிக்கு வேலையே இருந்ததில்லை. பனை ஓலைப் பெட்டிதான். கருப்பட்டி அதில் வரும்; பனங்கிழங்கு அதில் வரும்; மகள் வீட்டுக்குப் பலகாரம் அதில் போகும். மணப்பாட்டில் இன்றும் பெண்கள் ஓலையில் அழகழகான பெட்டிகள் முடைகின்றனர். வாய்ப்புள்ளவர்கள் அவற்றை வாங்கிப் பரிசளிப்பது நம் மண்ணின் தொழிலுக்குச் செய்யும் மரியாதையாகும்.

அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த பெட்டியையோ பாத்திரத்தையோ வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது, இரண்டு முருங்கைக்காயாவது போட்டே கொடுப்பார்கள். வாங்கியவர் அக்கணமே கொடுத்தவராகிவிடுவார். பெட்டி போய்வரப் போய்வர உறவும் போய்வந்தது. வாங்கியதும் கிழித்தெறியும் மினுக்குத் தாள் வந்தபிறகே அந்த வழி அடைபட்டது.

திருவிவிலியத்தில் குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானிகள் தம் பேழைகளைத் திறந்து பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொடுத்ததாக மத்தேயு எழுதுகின்றார். அப்பேழைகள் எத்தகையன என்று அவர் எழுதவில்லை. திறந்தார்கள் என்பதையே எழுதினார். ஐயாயிரம் பேர் உண்டபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவரும் நம் ஆண்டவரே. வல்லமையால் அப்பத்தைப் பெருக்கியவருக்கே துண்டு பெரிதாகத் தெரிந்தது. நமக்கு அட்டை அற்பமாகத் தெரியலாமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் நல்ல நோக்கத்தோடு மீண்டும் பயன்படுத்துவது அன்புச் செயலாகவே அமையக்கூடும் என்று கூறியிருப்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

திரும்பி வந்த பெட்டி

இறுதியாக ஒன்று. 2025ஆம் ஆண்டு சனவரியில், திருக்காட்சிப் பெருவிழாவன்று காலை நாம் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு பெட்டி இருந்தது. நம் மண்டபத்தில் செய்த பெட்டிதான். அதே சணல் கயிறு. திறந்து பார்த்தோம். உள்ளே வைக்கோல் பரப்பி, நெளி அட்டையை நறுக்கிக் குறுக்கும் நெடுக்கும் தடுத்து, ஆறு கட்டங்களில் ஆறு நாட்டுக்கோழி முட்டைகள். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

தடுப்புகளை எடுத்து அளந்து பார்த்தோம். ஆறு கட்டமும் ஒரே அளவு. மில்லிமீட்டர் பிசகவில்லை.

யார் வைத்தது என்று நாம் எவரையும் கேட்கவில்லை. முட்டைகளை உண்டோம். பெட்டியை வைத்திருக்கின்றோம். வரும் விழாவுக்கு அதனை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாதே என்பதே இப்போது நம் கவலை.

அன்பிற்குரியோரே, உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அட்டையை இந்த வாரமே கீழே இறக்குங்கள். இரவு உணவு முடிந்தபின் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, குடும்பமாகப் பாயில் அமருங்கள். ஒரு பெட்டி செய்யுங்கள். மூலை சற்றுக் கோணினாலும் பாதகமில்லை. அதை யாருக்குக் கொடுப்பது, கொடுக்கும்போது அவர் தலை குனியாமல் இருக்க என்ன செய்வது என்று பிள்ளைகளோடு கலந்து பேசுங்கள். அந்தப் பேச்சே பெட்டியினுள் வைக்கும் முதற்பொருளாகட்டும்.

உங்கள் இல்லங்களில் இறையாசீர் பொங்குவதாக!